தொழிலாளியிடம் சங்கடமான விஷயத்தைப் பேசுவது எப்படி: பனியன் கம்பெனி சூப்பர்வைசர்களுக்கு

திருப்பூர்ப் பக்கத்துத் தையல் யூனிட்டுகளில் 30, 40 பேரை வைத்து வேலை வாங்கும் சூப்பர்வைசருக்கு மெஷின் தெரியும், பீஸ் தெரியும், ரேட் தெரியும். ஒருவரை உட்காரவைத்து, அவருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்வது எப்படி என்று மட்டும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அதனால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடக்கும். பல வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஷிப்மென்ட் நெருக்கடி வரும் அன்று லைனில் எல்லார் முன்னாலும் கத்துவார். இல்லையென்றால் அந்த ஆளை வேலைக்குக் கூட்டிவந்த சொந்தக்காரரிடம் “கொஞ்சம் சொல்லி வைங்க” என்பார். அதுவும் இல்லையென்றால் வாட்ஸ்அப் குரூப்பில் “சிலர் தினமும் லேட்டாக வருகிறார்கள்” என்று பொதுவாகப் போட்டுவிடுவார். நேரத்துக்கு வருகிறவர்கள் அதைப் படித்து முகம் சுளிப்பார்கள். சம்பந்தப்பட்டவர் கட்டைவிரலைப் போட்டுவிட்டு மறுநாளும் ஒன்பது மணிக்குத்தான் வருவார்.

இந்த மூன்றுமே நேரில் பேசுவதைத் தள்ளிப்போடும் வழிகள். நேரில் பேசுவது அவ்வளவு கஷ்டமும் இல்லை. பத்து, பதினைந்து நிமிஷ வேலை. ஆனால் அதற்கு முன்னால் அரை மணி நேரத் தயாரிப்பு வேண்டும். பேச்சு கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான்.

பேசுவதற்கு முன்

அரைத் தாளில் நான்கு வரி எழுதுங்கள். என்ன நடந்தது, அதனால் வேலையில் என்ன பாதிப்பு, இனி என்ன நடக்க வேண்டும், உங்கள் பக்கத்தில் என்ன விட்டுக்கொடுக்க முடியும். தாமதமாக வரும் ஓவர்லாக் (துணி ஓரத்தை வெட்டி இணைத்துத் தைக்கும் மெஷின்) டெய்லர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வருகைப் பதிவேட்டைப் பார்த்து எழுதினால் இப்படி இருக்கும்: கடந்த நான்கு வாரத்தில் 24 வேலை நாள், அதில் 9 நாள் 8.30 ஷிப்டுக்கு 8.50-க்கும் 9.10-க்கும் நடுவே வந்திருக்கிறார். 9-இல் 5 திங்கட்கிழமையோ செவ்வாய்க்கிழமையோ. பாதிப்பு: அவர் மெஷின் நின்றால் அடுத்த பேட்லாக் (ஃபிளாட்லாக், மடிப்பைத் தட்டையாகத் தைக்கும் மெஷின்) டெய்லரும் கைமடிப்பவரும் பீஸ் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்; பீஸ் ரேட்டில் (தைத்த எண்ணிக்கைக்குக் கூலி) இருப்பவருக்கு அது நேரடியாகக் கூலியில் இடிக்கும். வேண்டியது: 8.25-க்கு மெஷினில் இருக்க வேண்டும். விட்டுக்கொடுக்கக்கூடியது: வாரத்தில் இரண்டு நாள் 9 மணிக்கு வந்து சாயந்திரம் அரை மணி நேரம் கூட இருக்கலாம், ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அந்தக் கடைசி வரியை எழுதுவதற்கு முன் முதலாளியிடமோ மேனேஜரிடமோ கேட்டுவிடுங்கள். பேச்சில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிட்டு, மறுநாள் “மேல ஒத்துக்கல” என்று சொன்னால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதற்கும் மதிப்பிருக்காது.

இன்னும் இரண்டைச் சரிபாருங்கள். ஒன்று, அதே லைனில் வேறு யார் தாமதமாக வருகிறார்கள்? உங்களுக்கு வேண்டிய ஒருவர் 9 மணிக்கு வந்து நீங்கள் கண்டுகொள்ளாமல் இருந்தால், இவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான், கேட்பதில் நியாயமும் இருக்கிறது. இரண்டு, இதை அவரிடம் ஏற்கெனவே தெளிவாகச் சொல்லியிருக்கிறீர்களா? முறைத்ததும், கடிகாரத்தைப் பார்த்ததும், “வந்துட்டீங்களா” என்று கேட்டதும் சொன்னதாக ஆகாது.

ஒரு பேச்சுக்கு ஒரே விஷயம். தாமதத்தைப் பேசப் போனவர், “அதோட அன்னைக்கு செக்கிங்ல 40 பீஸ் டேமேஜ் வந்துச்சே, போன்ல வேற பேசிக்கிட்டே இருக்கீங்க” என்று சேர்த்துக்கொண்டால், எதிரில் இருப்பவருக்கு ஒன்றுதான் புரியும்: இவருக்கு என்னைப் பிடிக்கவில்லை. அப்புறம் தாமதம் பேச்சிலேயே இருக்காது.

நேரமும் இடமும்

சனிக்கிழமை சம்பளம் போடும் அன்று வேண்டாம். எது சொன்னாலும் கூலியோடு முடிச்சுப்போட்டுப் பார்ப்பார்கள். காலையில் ஷிப்ட் தொடங்கியதும் பேசினால் நாள் முழுக்க அந்த நினைப்போடு மெஷினில் உட்காருவார். பீஸ் கெடும், கட்டிங்கில் இருப்பவர் என்றால் விரலே போகும். வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் பேசினால் சொல்ல நினைத்ததைச் சொல்ல முடியாமல் மனதில் வைத்துக்கொண்டு போவார். சாயந்திர டீ முடிந்த கையோடு பேசுவது நல்லது. அதற்குப் பிறகும் இரண்டு மணி நேரம் வேலை இருக்கும். கிளம்புவதற்குள் அவர் ஏதாவது சொல்ல நினைத்தால் வந்து சொல்லலாம்.

முதலாளியின் கண்ணாடி ரூம் வேண்டாம். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல், யார் தலை குனிந்திருக்கிறது என்று மட்டும் மொத்த ஃப்ளோரும் பார்க்கும். ஸ்டோர், சாம்பிள் ரூம், பேக்கிங் முடிந்து காலியாக இருக்கும் மூலை, எதுவானாலும் சரி. இருவருக்கும் நாற்காலி வேண்டும். நீங்கள் உட்கார்ந்து அவர் நின்றால் அது விசாரணை. பெண் தொழிலாளியிடம் ஆண் சூப்பர்வைசர் பேசும்போது கதவு திறந்திருக்கட்டும்; கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், காதுக்கு எட்டாத தூரத்தில் இன்னொரு பெண் இருக்கட்டும். இது இருவருக்குமே பாதுகாப்பு.

கூப்பிடுவதிலும் கவனம் வேண்டும். காலையிலேயே “சாயந்திரம் உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்” என்று மொட்டையாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். டீ நேரத்தில் போய், “அண்ணா, காலைல வர்ற நேரத்தைப் பத்திப் பேசணும். டீ குடிச்சிட்டு ஸ்டோர் பக்கம் வாங்க, பத்து நிமிஷம் போதும்” என்றால் போதும். எதைப் பற்றி என்று தெரிந்து வருகிறவர் பாதி தயாராக வருவார்.

முதல் மூன்று வாக்கியம்

குடும்பம், மழை, ஊர்த் திருவிழா என்று சுற்றி வளைக்காதீர்கள். விஷயம் இருக்கிறது என்று தெரிந்தே வந்தவருக்கு “பொண்ணு எப்படிப் படிக்குது?” என்ற கேள்வி எரிச்சலைத்தான் தரும். அடுத்த தடவை நீங்கள் உண்மையிலேயே அக்கறையாக விசாரித்தாலும், பின்னால் ஏதோ வருகிறது என்று பயப்படுவார்.

தினமும் “அண்ணா” என்று கூப்பிடுபவரை அன்றும் “அண்ணா” என்றே கூப்பிடுங்கள். “நீங்க” என்று பேசுகிறவரிடம் அன்றைக்கு மட்டும் “நீ” என்று இறங்கினால் அவருக்கு அது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். அதே மாதிரி, “நீ எனக்குத் தம்பி மாதிரி, அதனால சொல்றேன்” என்று உறவை நடுவில் இழுப்பதும் வேண்டாம். தம்பி என்றால் தம்பிக்கு உரிய சலுகையை அவரும் கேட்பார்.

இப்படித் தொடங்கலாம்: “அண்ணா, போன நாலு வாரத்துல ஒம்பது நாள் 8.50-க்கு மேல வந்திருக்கீங்க. நீங்க வர்ற வரைக்கும் பேட்லாக்குல பீஸ் இல்லாம நிக்குது. என்ன காரணம்னு தெரிஞ்சுக்கணும், இது சரியாகணும்.” அவ்வளவுதான். “எப்பவுமே லேட்டு”, “பொறுப்பே இல்ல”, “எல்லாரும் சொல்றாங்க” ஆகிய மூன்றையும் தவிருங்கள். “எப்பவுமே” என்றால் சரியாக வந்த 15 நாளை அவர் எடுத்துக்காட்டுவார். “பொறுப்பில்லை” என்பது நடந்ததைப் பற்றிப் பேசாமல் ஆளைப் பற்றிப் பேசுவது. “எல்லாரும்” என்றால் யார் என்று தேடத் தொடங்குவார். ஒரு வாரம் லைனில் அந்தச் சண்டைதான் ஓடும்.

சொல்லி முடித்ததும் வாயை மூடுங்கள். கடினமான இடம் இதுதான். எதிரில் இருப்பவர் பேசாமல் இருந்தால் சூப்பர்வைசருக்குப் பதற்றமாகி, சொன்னதையே இன்னும் காரமாகச் சொல்லத் தொடங்குவார். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள்.

காரணம் வருவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். முதலில் “பஸ் லேட்டுங்க” என்பார். “அந்த பஸ் தினமும் லேட்டா, சில நாள் மட்டுமா?” என்று சாதாரணமாகக் கேட்டால், “வீட்ல கொஞ்சம் சிரமம்” என்று வரும். “வேலைக்கு வர்றதுக்கு நாங்க ஏதாவது மாத்தித் தர முடியுமான்னு பாக்கத்தான் கேக்கறேன்” என்று சொல்லி நிறுத்தினால், அம்மாவுக்கு டயாலிசிஸ், குழந்தையைப் பள்ளியில் விட ஆள் இல்லை, ஞாயிற்றுக்கிழமைக் குடி என்று உண்மையானது வெளியே வரலாம். வராமலும் போகலாம். தோண்டித் துருவாதீர்கள், உங்களுக்கு வேண்டியது 8.25, அவருடைய வீட்டுக் கதை இல்லை. சொன்னால் அதை லைனில் வேறு ஒருவரிடமும் பேசக் கூடாது.

எதிர்பார்க்க வேண்டிய பதில்கள்

“சரிங்க சார்.” இருப்பதிலேயே ஏமாற்றுவது இந்தப் பதில்தான். பேச்சை முடித்துக்கொள்ள நம் ஊரில் இதைவிட நல்ல வழி கிடையாது. ஒப்புக்கொண்டதற்கு அது அடையாளமே இல்லை. சந்தோஷப்பட்டு எழுந்துவிடாதீர்கள். “திங்கட்கிழமை காலைல எப்படி வருவீங்க? எந்த பஸ்?” என்று கேளுங்கள். “ஏழரை பஸ்ஸைப் பிடிக்கணும், அதுக்குத் தண்ணி பிடிக்கற வேலைய வீட்டுக்காரிகிட்ட விடணும்” என்று அவர் வாயால் வந்தால் பாதி வேலை முடிந்தது.

“அவனை மட்டும் கேக்க மாட்டீங்களா?” இதற்கு, “அவர்கிட்ட பேச வேண்டியது இருந்தா அவர்கிட்ட தனியா பேசுவேன். உங்களைப் பத்தி அவர்கிட்ட பேச மாட்டேன், அவரைப் பத்தி உங்ககிட்டயும் பேச மாட்டேன்” என்று சொல்லி, தாமதத்துக்கே திரும்புங்கள். ஆனால் அந்த இன்னொருவரிடம் உண்மையிலேயே பேசிவிடுங்கள்.

“அப்போ கணக்க முடிச்சுக் குடுத்திருங்க.” கோபத்தில் பத்துப் பேரில் பலர் சொல்வது. “சரி, போய்க்கங்க” என்று பதிலுக்குக் கோபப்பட்டால், இருவருமே விரும்பாத ஒன்று அரை நிமிஷத்தில் நடந்துவிடும். “அதை இன்னைக்கு முடிவு பண்ண வேண்டாம். வேணும்னா நாளைக்கு நிதானமா வந்து சொல்லுங்க, கேக்கறேன்” என்று தள்ளிவையுங்கள். பெரும்பாலும் மறுநாள் அதைச் சொல்ல வரமாட்டார்.

அழுகை வந்தால் தண்ணீர் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். “அழாதீங்க, பரவால்ல, விடுங்க” என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளாதீர்கள். ஐந்து நிமிஷத்திலும் நிற்கவில்லை என்றால், “நாளைக்கு இதே நேரத்துக்குப் பேசலாம்” என்று நேரத்தைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

சாதி, ஊர், மதம், வீட்டுப் பெண்கள், கடன். இவற்றில் எதையும், கிண்டலாகக்கூட, தொடக் கூடாது. “உங்க ஊர்க்காரங்களே இப்படித்தான்” என்ற ஒரு வார்த்தையால் மொத்த லைனும் மறுநாள் வராமல் போகலாம்.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்களிடம் பேசும்போது காண்ட்ராக்டரையே மொழிபெயர்க்க வைப்பதில் சிக்கல் இருக்கிறது. ஆள் தலைக்கு அவருக்குப் பணம் வருகிறது. நீங்கள் மென்மையாகச் சொன்னது மிரட்டலாகப் போய்ச் சேரலாம், தொழிலாளி சொன்ன குறை உங்களிடம் வராமலே போகலாம். இரண்டு மொழியும் தெரிந்த வேறு தொழிலாளி ஒருவரை, தொழிலாளியின் சம்மதத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சிறு வாக்கியம் சொல்லுங்கள். முடிவில் என்ன புரிந்தது என்று தொழிலாளியைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

வயதில் மூத்தவரிடம்

26 வயது சூப்பர்வைசர், 52 வயது டெய்லரிடம் தையல் சரியில்லை என்று சொல்ல வேண்டும். இருப்பதிலேயே சங்கடமானது இது. “உங்க வயசுக்கு நான் சொல்லக் கூடாது, ஆனாலும்…” என்று தொடங்குவது பணிவாகத் தெரியும். கேட்பவருக்கோ வயதுதான் காதில் விழும். அதைச் சொல்லாதீர்கள். கையைப் பற்றிப் பேசாமல் பீஸைப் பற்றிப் பேசுங்கள். டேமேஜான மூன்று பீஸையும் சரியான ஒன்றையும் மேஜையில் வைத்து, “அண்ணா, இந்த மூணுலயும் கழுத்துப் பட்டி ஒரே இடத்துல வாங்கியிருக்கு. ஏன் இப்படி வருது, நீங்க பாத்துச் சொல்லுங்க” என்று கேளுங்கள். உங்களைவிட அவருக்குத் தொழில் அதிகம் தெரியும். காரணத்தை அவரே சொல்ல வழிவிட்டால் மானம் போகாது.

காரணம் மெஷினிலும் இருக்கலாம்: ஊசி மழுங்கியிருக்கும், ஃபீட் டாக் (துணியை நகர்த்தும் பல்) தேய்ந்திருக்கும், துணி மாறியிருக்கும். பேசுவதற்கு முன் மெக்கானிக்கை விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும்; மெஷின் கோளாறுக்கு ஆளைக் குறை சொன்னால் மீளவே முடியாது. மெஷின் சரியாக இருந்தால் கண்ணைப் பற்றி யோசியுங்கள். நாற்பது தாண்டியவர்களுக்குக் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணாடி தேவைப்படுவது சாதாரணம். கறுப்பு, கருநீலத் துணியில் அதே நிற நூலை ஓட்டும்போது மட்டும் தப்பு கூடினால் சந்தேகம் வலுக்கும். மெஷினில் ஒரு எல்இடி விளக்குப் போட்டுக் கொடுத்து, “கண்ணு ஒரு தடவ காட்டிப் பாக்கலாமா அண்ணா?” என்று தனியாகக் கேட்பதில் தவறில்லை. எச்சரிக்கை நோட்டீஸ் சாதிக்காததை விளக்கு சாதித்துவிடும்.

முன்பணம், அபராதம்

முன்பணம் கேட்கிறவரிடம் சொல்லக் கூடாத வார்த்தை “பாக்கலாம்.” கேட்டவர் அதைப் பாதி சம்மதமாக எடுத்துக்கொண்டு வட்டிக்காரரிடம் நாள் சொல்லிவிடுவார். இல்லை என்றால் முதல் வாக்கியத்திலேயே இல்லை என்று சொல்லுங்கள்: “இருபதாயிரம் இப்ப குடுக்க முடியாதுங்க. அஞ்சாயிரம் முடியும், மாசம் ஆயிரம்னு அஞ்சு மாசம் பிடிப்போம். வேணுமான்னு நாளைக்குச் சொல்லுங்க.” காரணத்தை ஒரு வரியோடு நிறுத்துங்கள். நீளமாக விளக்கினால் அவர் ஒவ்வொரு காரணத்துக்கும் பதில் தேடுவார், கெஞ்சலும் மறுப்புமாகப் பேச்சு இழுக்கும்.

தாமதத்துக்கும் டேமேஜுக்கும் கூலியில் இஷ்டத்துக்குப் பிடிப்பேன் என்று மிரட்டுவது பேச்சையும் கெடுக்கும், சட்டத்துக்கும் முரண். 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்தில் இருந்த கட்டுப்பாடுகள், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கின்றன. அபராதம் அந்தச் சம்பளக் காலத்து ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மாதம் 15,000 ரூபாய் என்றால் அதிகபட்சம் 450 ரூபாய். எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்று ஒப்புதல் பெற்ற அறிவிப்பு இருக்க வேண்டும், விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே விதிக்க வேண்டும். வேலைக்கு வராத நேரத்துக்கு விகிதப்படி கூலியைக் குறைப்பது வேறு. அதற்கு இடம் உண்டு.

நீங்கள் பேசித் தீர்க்கக் கூடாத ஒன்று

ஒரு பெண் தொழிலாளி பாலியல் தொல்லை பற்றிச் சொன்னால் மேலே எழுதிய எந்த முறையும் பொருந்தாது. இருவரையும் கூப்பிட்டு உட்காரவைப்பது, “இனிமே இப்படி நடக்காது, விட்டுரும்மா” என்பது, அவர் லைனை மாற்றி அவரையே அலைக்கழிப்பது எல்லாமே தவறு. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தாலோ, புகார் முதலாளி மேலேயே என்றாலோ, மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுத முடியாதவருக்கு எழுத உதவி செய்ய வேண்டியது குழுவின் பொறுப்பு. சமரசம் வேண்டும் என்று அந்தப் பெண்ணே கேட்டால் மட்டுமே அதற்கு இடம் உண்டு, அதிலும் பணம் கொடுத்து முடிக்கக் கூடாது. சூப்பர்வைசரின் வேலை: குறுக்கே பேசாமல் கேட்பது, குழுவில் யார் இருக்கிறார்கள் என்று சொல்வது, வெளியே வாய் திறக்காமல் இருப்பது.

வேலையை விட்டு நிறுத்தும்போது

இது முடிவைச் சொல்லும் பேச்சு. ஆலோசனை கேட்பது மாதிரி நடத்தினால் கொடுமையாகிவிடும். முடிவெடுக்க அதிகாரம் உள்ளவர் கூட இருக்க வேண்டும், சட்டப்படியான நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ முன்பே சரிபார்த்திருக்க வேண்டும். இரண்டாவது வாக்கியத்துக்குள் விஷயம் வந்துவிட வேண்டும். வர வேண்டிய கூலி, பி.எஃப். விவரம், அனுபவச் சான்று, ஐந்து வருஷம் முடித்தவர் என்றால் கிராஜுவிட்டி, இவற்றுக்கான கணக்கு மேஜையில் இருக்கட்டும். புதிய ஊதியச் சட்டத் தொகுப்புப்படி ஊதிய பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும்; “அடுத்த மாசம் வாங்க” என்று அலையவிடுவதற்கு வழியில்லை.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இதைச் செய்யாதீர்கள். காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் போனஸ் கொடுக்காமல் தப்பிக்கத்தான் என்று ஊரே பேசும். உண்மையில் தப்பிக்கவும் முடியாது: போனஸ் விதிகளின்கீழ் (இப்போது அவை அதே ஊதியச் சட்டத் தொகுப்பில் இருக்கின்றன) வரும் நிறுவனத்தில் அந்தக் கணக்காண்டில் 30 வேலை நாளாவது பார்த்தவருக்கு, திருட்டு, மோசடி, வன்முறை போன்ற காரணங்களுக்காக நீக்கப்பட்டிருந்தால் ஒழிய, போனஸ் உண்டு. குறைந்தபட்சம் 8.33 சதவீதம்.

பேசிய பிறகு

அன்றைக்கே, அவர் கிளம்புவதற்குள், அவருக்கு மட்டும் ஒரு வாட்ஸ்அப்: “அண்ணா, பேசினபடி திங்கள் முதல் 8.25-க்கு மெஷின்ல இருப்பீங்க. ஆஸ்பத்திரி போற நாள் முந்தின நாள் சொல்லிட்டா 9 மணிக்கு வரலாம், சாயந்திரம் அரை மணி சேத்துப் பாப்பீங்க. 15 நாள் கழிச்சு மறுபடி பாக்கலாம்.” படிக்கத் தெரியாதவர் என்றால் இதையே குரல் பதிவாக அனுப்புங்கள். உங்கள் நோட்டில் தேதி போட்டு மூன்று வரி எழுதிவையுங்கள். வாக்குமூலம் மாதிரி கையெழுத்து வாங்க வேண்டாம். முதல் பேச்சிலேயே கையெழுத்துக் கேட்டால் அடுத்து வேலைதான் போகப்போகிறது என்று நினைப்பார்.

மறுநாள் காலை எப்போதும் போலவே பேசுங்கள். சூப்பர்வைசர்கள் செய்யும் தப்பு, சங்கடத்தில் இரண்டு நாள் அந்த மெஷின் பக்கமே போகாமல் இருப்பது. லைனில் உள்ளவர்களுக்கு அது போதும், கதை கட்டிவிடுவார்கள்.

பதினைந்தாவது நாளை மறக்காதீர்கள். போனில் அலாரம் வையுங்கள். சரியாகியிருந்தால் போய் மெஷின் பக்கத்தில் நின்று, “12 நாள்ல 11 நாள் நேரத்துக்கு வந்திருக்கீங்க அண்ணா, பேட்லாக் நிக்கவே இல்ல” என்று எண்ணைச் சொல்லுங்கள். சரியாகவில்லை என்றால் இரண்டாவது பேச்சு ஐந்து நிமிஷம் போதும். காரணத்தை மறுபடி விசாரிக்க வேண்டாம், புதிதாக ஏதாவது நடந்திருந்தால் ஒழிய. என்ன பேசினோம், எத்தனை நாள் தவறியது, அடுத்த பதினைந்து நாளிலும் இப்படியே என்றால் என்ன நடவடிக்கை என்று தெளிவாகச் சொல்லி, இந்தத் தடவை எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் சண்டை போடாதீர்கள். மறுத்ததைத் தேதியோடு குறித்துவைத்து, நோட்டீஸை ஸ்பீடு போஸ்டில் அவர் வீட்டு முகவரிக்கு அனுப்பிவிடுங்கள்.